கடைசி அடியை மாற்றிப் பாடிய நாள்

பாரிஸ் நகரின் லா சப்பலில் ஒரு தமிழ் உணவகத்தின் சமையலறையில் நானும் வசந்தி அக்காவும் ஒன்றாக வேலை செய்தோம். மரக்கறி வெட்டும்போது நான் பழைய கதைப்பாட்டு ஒன்றைப் பாடுவேன். கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி கரையில் காத்திருப்பாள். கடைசியில் வள்ளம் மட்டும் வெறுமையாக வந்து சேரும்; அவள் வாய்விட்டு அழுவாள். எத்தனை தடவை கேட்டும் அக்காவுக்கு அலுக்காது. "அந்த வள்ளக்காரன்ரை பாட்டைப் பாடும் தம்பி" என்பார்.

அவருடைய கணவர் 2009இல் வன்னிப் போரில் காணாமல் போனவர் என்று ஒருநாள் முதலாளி சொல்லித்தான் அறிந்தேன். இவ்வளவு காலமும் அவருடைய புண்ணிலேயே குத்திக்கொண்டிருந்தேனே என்று கூசிப்போனேன். அடுத்த நாள், கணவன் உயிரோடு வந்து இறங்குவதாகப் பாட்டின் கடைசி அடியை மாற்றிப் பாடினேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏன் மாத்தினனீர்?"

"உங்களுக்கு நோகக்கூடாதெண்டுதான், அக்கா."

"வருவார், வருவார் எண்டுதான் எல்லாரும் சொல்லீனம். ஒருத்தரும் என்னை அழ விடேல்லை. உம்மடை பாட்டிலைதான் அவள் வாய்விட்டு அழுறாள். அதையும் பறிச்சுப் போட்டீரே."

திரும்பவும் முதலில் இருந்து பாடச் சொன்னார். பாடினேன். வெறும் வள்ளம் கரைக்கு வந்தபோது அக்கா மேசையைப் பிடித்தபடி பெருங்குரலில் அழுதார். முதலாளி ஓடி வந்து, "நிப்பாட்டடா!" என்று கத்தினார். நான் நிறுத்தவில்லை.

யாராவது துக்கத்தில் இருந்தால், "எல்லாம் சரிவரும்" என்று இப்போதும் என் வாய்வரை வருகிறது. அதைச் சொல்லாமல் பக்கத்தில் இருந்துவிடுகிறேன்.