டிவி பெட்டியில் அடித்த கேள்வித்தாள்

“இதுலயா கம்ப்யூட்டரு? அக்கா... இது படம் பாக்கற பொட்டிக்கா!”

பஷீர் பாய் சிரித்த சிரிப்பில் கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன், சார்ஜர், பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கிறவர். அவர் கையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. டிவியில் மாட்டினால் இன்டர்நெட்டில் இருக்கும் சினிமாவைக் காட்டும். அது பிறந்ததே அதற்காகத்தான்.

“இத செஞ்ச கம்பெனியே கை கழுவிட்டான்க்கா. அப்டேட் கெடையாது, சப்போர்ட் கெடையாது. நீங்க வேற எதனா ஏத்துனீங்கன்னா செத்துப் பூடும்.”

“செத்தா என் பொறுப்பு. குடுங்க பாய்.”

இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? எல்லாம் இந்தப் பத்தியால் வந்த வினைதான். மூலையில் கிடக்கிற எந்தப் பெட்டியையும் லினக்ஸ் என்கிற இலவச சாஃப்ட்வேரை ஏற்றி கம்ப்யூட்டர் ஆக்கிவிடலாம் என்று கொஞ்ச நாள் முன்பு இதே பக்கத்தில் அளந்திருந்தேன் அல்லவா? அதை ஸ்டெல்லாவின் போன் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டது.

ஸ்டெல்லா என் காலேஜ் தோழி. ஒரே பெஞ்ச். கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். கண்ணில் பிரஷர் என்றார்கள், ஆபரேஷன் என்றார்கள்... கடைசியில் பார்வை முழுதாகப் போய்விட்டது. ஆனாலும் பாடம் நடத்துவதை அவள் விடவில்லை. பானிப்பட்டுப் போரும் பருவக்காற்றும் அவள் தலைக்குள் பத்திரமாக இருக்கின்றன. அதற்குக் கண் எதற்கு?

சிக்கல் வேறு வடிவத்தில் வந்தது. அவரவர் கேள்வித்தாளை அவரவரே டைப் செய்து மெயிலில் அனுப்ப வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். இத்தனை நாளும் ஸ்டெல்லா சொல்லச் சொல்ல வேறு டீச்சர்கள் எழுதிக் கொடுத்து வந்தார்கள். முடியாவிட்டால் வேலையை விட்டுவிட்டு ரெஸ்ட் எடுப்பதைப் பற்றி யோசியுங்களேன் டீச்சர் என்று ஹெட்மாஸ்டர் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். மரியாதையாகச் சொன்னதால் வலி குறைந்துவிடுமா?

“திங்கக்கெழம அனுப்பணும்டி ரோஸி. வூட்ல இருந்த கம்ப்யூட்டரு இடி வுழுந்ததுல போச்சு. போனு நல்லாத்தான் பேசுது. ஆனா அதத் தடவித் தடவி கேள்வித்தாள் அடிச்சா அடுத்த பரிட்சையே வந்துடும். எனக்குக் கீபோர்டு வேணும்.”

“என் லேப்டாப்ப எடுத்துக்கினு வரட்டுமா?”

“வாணாம். ரெண்டு நாள் வச்சிக்கினு திருப்பிக் குடுக்கறதுக்கா? எனக்குன்னு ஒண்ணு வேணும்.”

கண்ணுக்கே எல்லாம் செலவாகிவிட்ட வீட்டில் புதிதாக வாங்கு என்று எந்த வாயால் சொல்வது? அதனால்தான் பஷீர் பாயின் கறுப்புப் பெட்டி.

சனிக்கிழமை காலை டிபன் முடிந்ததும் உட்கார்ந்தேன். கம்பெனிக்காரன் கைவிட்டால் என்ன? இந்த மாதிரிப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, லினக்ஸ் ஓட்ட வழி கண்டுபிடித்து, சும்மாவே கொடுக்கிற புண்ணியவான்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் யாரோ ஒருவர் தயாரித்ததை இறக்கி ஒரு மெமரி கார்டில் ஏற்றினேன். பெட்டியில் ஸ்பீக்கர் மாட்டுகிற ஓட்டைக்குள், ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பட்டன் உண்டு. துடைப்பக் குச்சியை விட்டு அதை அழுத்திக்கொண்டே சுவிட்ச் போட வேண்டும். அப்போதுதான் பெட்டி தன் பழைய வேலையை மறந்து கார்டைப் பார்க்கும்.

அழுத்தினேன். திரை கறுப்பு. மறுபடி அழுத்தினேன். கறுப்பேதான்.

“பொட்டி நல்லா சூடாவுது. காபி டம்ளர மேல வச்சிக்கலாம்” என்றார் என் வீட்டுக்காரர். சில பேருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் கமென்ட் தெரியும்.

பெட்டிக்குள் எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்ல ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது. என் பெட்டிக்கென்று சரியான ஃபைலை யாரும் செய்யவில்லை. அதன் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிப் பெட்டிகளின் ஃபைல்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் திரை வந்தது, கீபோர்டு வரவில்லை. இன்னொன்றில் இரண்டும் வந்தன, சத்தம் வரவில்லை. மற்றவர்களுக்கு என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஸ்டெல்லாவுக்குச் சத்தம் இல்லாத கம்ப்யூட்டர் வெறும் செங்கல் அல்லவா?

மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் கரகரத்தது. திரையில் இருப்பதைப் பெட்டி வாசிக்க ஆரம்பித்தது! நீங்களும் நானும் பேசுகிற தமிழ் இல்லை. மூக்கடைத்துக்கொண்டு, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற தமிழ். ஆனால் புரிந்தது. வைஃபை மட்டும் கடைசிவரை மசியவில்லை. போனை ஒயர் போட்டு இணைத்தால் நெட் வந்தது. போதும்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கிளம்பினேன். பஷீர் பாய் தன் காரிலேயே கூட்டிப்போனார். “கண்ணால பாத்தாதான்க்கா நம்புவேன்” என்றார். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போதெல்லாம் மடியில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிமலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஸ்டெல்லாவின் வீடு. ஹாலில் பழைய டிவி ஒன்று. அதில் பெட்டியை மாட்டி, பெட்டியில் ஸ்பீக்கரைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். ஒயர் பிடிபடவில்லையோ, டிவிக்கு வயசாகிவிட்டதோ... திரை முழுக்க ரோஸ் கலரில் கோடுகள். ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். செட்டிங்ஸை மாற்றினேன். பஷீர் பாய் டிவியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். கோடு கோடாகவே இருந்தது. வீட்டில் பளிச்சென்று வந்ததே! எனக்கு வியர்த்துவிட்டது.

ஸ்டெல்லா பிளாஸ்டிக் சேரில் கைகளைக் கட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாடி பண்ணிக்கினு இருக்கே இவ்ளோ நேரமா?”

“படம் வரலடி. ஒரே கோடா கீது. கொஞ்சம் இரு...”

“படம் யாருக்கு?”

நானும் பஷீர் பாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“சத்தம் வருதா இல்லியா?”

“வருது.”

“அப்ப அந்த டிவிய அமத்து. கீபோர்ட இப்டிக் குடு.”

அமர்த்தினேன். வேறென்ன செய்வது? கண் இருக்கிறவள் நான், அரை மணி நேரமாகத் தேவையே இல்லாத ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நமக்கு எது இல்லாமல் முடியாதோ அது எல்லாருக்கும் வேண்டும் என்று எவ்வளவு சுலபமாக முடிவு செய்துவிடுகிறோம்!

ஸ்டெல்லா கீபோர்டைத் தடவி, விரல்களை வரிசையாக வைத்துக்கொண்டாள். அடித்தாள். பெட்டி ஏதோ உளறியது. அவள் முகம் சுருங்கியது.

“எழுத்தெல்லாம் எடம் மாறிக் கெடக்குதுடி. நான் கத்துக்கினது டைப்ரைட்டர் கீபோர்டு.”

காலேஜ் நாளில் கள்ளக்குறிச்சி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு நாங்கள் இருவரும்தான் போனோம். நான் பாதியில் நின்றேன். அவள் ஹையர் பரீட்சை வரை பாஸ் செய்தாள். கீபோர்டைப் பார்க்காமல் அடிக்க வேண்டும் என்பதுதான் அங்கே முதல் பாடம். நல்லவேளையாகப் பழைய டைப்ரைட்டர் வரிசை லினக்ஸில் இருக்கிறது. கையோடு கொண்டுவந்திருந்த என் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்து அதை மாற்றிக் கொடுத்தேன்.

அப்புறம் நான் வேடிக்கை மட்டும்தான் பார்த்தேன். விரல்கள் முதலில் தயங்கின. பிறகு நடந்தன. பிறகு ஓடின. வார்த்தை முடிய முடியப் பெட்டி அதைத் தன் மூக்கடைப்புத் தமிழில் திருப்பிச் சொன்னது. ஓர் இடத்தில் நிறுத்தி, “ஒத்து வுட்டுட்டேன்” என்று தானே சொல்லி, பின்னால் போய்ப் புள்ளி வைத்தாள்.

இரண்டு மார்க் கேள்விகள் முடிந்ததும் அவள் கை நின்றது. நான் பயந்துபோனேன்.

“இன்னாச்சு? சத்தம் போச்சா?”

“இல்லடி. இதுவரைக்கும் யார்னா எழுதிக் குடுக்கும்போது, அவங்களுக்கு நேரமாவுதேன்னு கேள்விய சின்னதா சொல்லுவேன். இன்னிக்குத்தான் நெனச்ச கேள்விய நெனச்ச மாதிரி கேக்கறேன்.”

பஷீர் பாய் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். போன் வந்ததாம். மணி அடித்ததாக என் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை காலை கேள்வித்தாளை அவளே மெயிலில் அனுப்பினாள். ஹெட்மாஸ்டர் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, “யாரு டீச்சர் அடிச்சிக் குடுத்தது?” என்று கேட்டிருக்கிறார். நான்தான் என்றாளாம். நம்பாமல், அன்று சாயந்திரம் அவள் வீட்டுக்கே போய், அவள் அடிப்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினாராம். வேலையை விடுவது பற்றி அப்புறம் ஒரு வார்த்தையும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வருகிறது. ஸ்டெல்லாதான்.

“ஏன்டி, இன்னா பொட்டி செஞ்சி குடுத்துக்கீறே? ஒரு கமா வுடாம ‘கமா, கமா’ன்னு கத்திக்கினே இருக்குது. வேகமும் கம்மி. ஞாயித்துக்கெழம வந்து ஒழுங்கா சரி பண்ணிக் குடுத்துட்டுப் போ!”

கண் போனதிலிருந்து அவள் என்னிடம் தேங்க்ஸ் சொல்லிச் சொல்லியே என்னை அந்நியமாக்கி வைத்திருந்தாள்... இன்றைக்குத்தான் பழையபடி திட்டினாள்!