தீர்ப்பு நாளுக்கென்று ஒளித்த சாட்சி

ஆலங்குடா ஜெமீலா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கோட்டு, வழக்கு என்றால் என்னவென்று அவளுக்குக் காட்டியது ஞாயிற்றுக்கிழமைப் பகலில் டீவியில் போகிற கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம். தீர்ப்பு வாசிக்கிற நேரத்தில் ஒருத்தி ஓடி வந்து உண்மையைச் சொல்வாள். விலங்கு கழன்றுவிடும். முன்கூட்டியே வாயைத் திறந்த சாட்சியைக் கெட்டவனின் ஆட்கள் தூக்காமல் விட்டதேயில்லை.

அதனால்தான், இறால் பண்ணையில் தண்ணீர் மோட்டரைக் களவெடுத்தான் என்று புருசன் சரீபைப் பொலிஸ் பிடித்தபோது, ஜெமீலா சாட்சியை ஒளித்தாள். மோட்டர் களவுபோன அந்த வெள்ளிக்கிழமை பகல், ஜும்ஆ முடிந்ததிலிருந்து அஸர் தொழுகை வரை சரீப் பக்கத்து வீட்டுப் பரீனாவின் கிணற்றுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்தான். பரீனாதான் மேலே நின்று வாளி இழுத்தாள். அதைப் பொலிஸில் சொல்லப்போன சரீபுக்கு ஜெமீலா கண்ணைக் காட்டினாள், அவனும் அடங்கிப்போனான். லோயர் நஸ்ஹா கேட்டபோதும், ஒருவரும் அவனைக் காணவில்லை என்று தலையாட்டினாள். பண்ணை முதலாளி பரீனாவை என்னவும் செய்துவிடுவார் என்ற பயம்.

“அப்ப நான் கடைசியில ஓடி வரணுமா ராத்தா?” என்று பரீனா சிரித்தாள். “இந்த ஹபாயாவோட ஓடினா வாசல்லயே உழுந்திருவன்.”

“பகிடி உடாத புள்ள. நடந்தே வா. ஆனா தீர்ப்பு அண்டைக்குத்தான் வாயத் தொறக்கணும்.”

கோட்டுக்குக் கூப்பிடுகிற மூன்றாம் தவணைதான் தீர்ப்பு என்று ஜெமீலா தானாகவே நினைத்துக்கொண்டாள். அன்று வழக்கைக் கூப்பிட்டார்கள். சரீப் கூண்டில் நின்றான். நீதவான் சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னார். இன்னும் பதினாலு நாள் மறியலில் அடைப்பு. ஜெமீலா முழங்கையால் இடித்ததும் பரீனா எழும்பினாள். “வாடிவென்ன” என்று பொலிஸ்காரர் கையைக் காட்டி உட்கார வைத்தார். அவ்வளவுதான்.

வெளியே வந்து ஜெமீலா எல்லாவற்றையும் சொல்ல, நஸ்ஹா தலையில் கைவைத்தாள்.

“ராத்தா! இத முதல் நாளே சொல்லியிருந்தா பிணை கேட்டிருப்பனே. தீர்ப்பு எங்க? வழக்கே இன்னும் தொடங்கல்ல. நடுவுல எழும்பிக் கத்தினா வெளிய போடுவாங்க. சாட்சி முதல்ல பொலிஸில சொல்லணும். பொறகு வழக்கு விளக்கத்துக்கு ஆளே வந்து நிக்கணும்.”

“எப்ப மிஸ்?”

“ஒரு வருசமும் ஆகும்.”

பரீனா மெல்லச் சொன்னாள்: “நான் நாளைக்குக் கட்டாருக்கு ஏறுறன். ரெண்டு வருசம்.”

ஜெமீலாவுக்கு அது தெரியும். பயணத்துக்கு முதல் நாள் தவணை விழுந்ததே அல்லாஹ்வின் கிருபை என்று சுக்குர் செய்திருந்தாள். இப்போது அவளிடம், போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. பரீனாவுக்கு மூன்று பிள்ளைகள், உழைக்க வேறு ஆளில்லை.

“இப்பவே போய் வாக்குமூலம் குடுங்க” என்றாள் நஸ்ஹா. “அத வெச்சுப் பிணை கேட்டுப் பாக்கிறன். கிடைக்குமெண்டு சொல்ல மாட்டன்.”

பொலிஸில் மேசைக்காரர் தலை நிமிராமலே, “நாளைக்கு வாங்க” என்றார்.

“நாளைக்கு நான் ஊர்ல இல்ல சேர்” என்று பரீனா நிலத்தில் குந்திவிட்டாள். “எழுதாம எழும்ப மாட்டன்.” அவளுடைய பைக்குள் ஏஜென்சிக்காரனின் அழைப்பு அடித்துக்கொண்டேயிருந்தது.

கடைசியில் அவர் கொப்பியை விரித்தார். ஜெமீலா சுவரோடு ஒதுங்கி அல்லாஹ்விடம் கையேந்தினாள். இந்தக் கடுதாசி போதுமாகட்டும் என்று கேட்டாள். விமானம் போகாதிருக்கட்டும் என்று கேட்க நா துடித்தது. பரீனாவின் பிள்ளைகள் கண்ணில் வந்தார்கள். அதைக் கேட்காமலே கையை முகத்தில் தடவிக்கொண்டாள்.