குத்தூசியும் ஒரு தூக்குக் கஞ்சியும்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் மகளாகிய என் வணக்கம். அப்பாவின் பெருமைகளை அண்ணன் முன்பக்கங்களில் எழுதிவிட்டார். அவர் எழுதாத ஒன்றை நான் எழுத வேண்டியிருக்கிறது. அவர் மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது.

அப்பா பிறந்தது பண்டசோழநல்லூரில், பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில். இளவயதில் தகப்பனாரை இழந்து, தலையில் தவிட்டு மூட்டை சுமந்து, பிறகு தவளக்குப்பம் கூட்டுரோட்டில் சொந்தமாக அரிசி மண்டி வைத்தார். பசி என்று வந்தவரை வெறுங்கையோடு அவர் அனுப்பியதில்லை. அதே சமயம் யாரையும் நம்பியதும் இல்லை. மூட்டை வந்து இறங்கியதும் குத்தூசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு முனை கூராக, உள்ளே குழலாக இருக்கும் இரும்பு அது. சாக்கில் குத்தி இழுத்தால் ஒரு பிடி அரிசி கையில் விழும். விற்கிறவர்கள் குத்தூசி பாயும் இடத்தில் மட்டும் நல்ல அரிசியை வைத்துத் தைத்துவிடுவார்கள். வாங்க வரும் தரகர்களோ சாம்பிள் பார்க்கிறேன் என்று கடை கடையாகக் குத்தி, சாயங்காலம் மடி நிறைய அரிசியோடு வீட்டுக்குப் போவார்கள்.

"குத்தூசி புடிக்கிறவன் மூஞ்சிய பாக்காத, கைய பாரு" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அண்ணன் காதில் வாங்கினாரோ இல்லையோ, நான் நன்றாக வாங்கிக்கொண்டேன். ஒதியம்பட்டில் என் புகுந்த வீட்டார் என்னைச் சந்தேகப் பிராணி என்று இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், மண்டியில் தராசைப் பிடித்தபடியே அப்பா சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணி, பேச்சு நின்றது. யார் என்ன செய்தார்கள் என்றுதான் என் புத்தி முதலில் போயிற்று. எதிர்க்கடைக்காரர் செய்வினை வைத்துவிட்டார் என்று ஒருநாள் நினைத்தேன். முதல்நாள் குடித்த மோரில் ஏதோ இருந்திருக்கும் என்று இன்னொரு நாள் நினைத்தேன். மோர் கொடுத்தவர் அண்ணி. அதையும் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே பொழுது விடிந்தால் ரத்தம் எடுத்தார்கள்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடப்பு" என்றார் டாக்டர். "ரத்தத்துல சக்கரை, கொழுப்பு எல்லாம் எவ்ளோ இருக்குதுன்னு பாக்கணும். அத வெச்சுதான் மறுபடியும் அடைக்குமான்னு சொல்ல முடியும்."

"அடப்பு தலையில. குத்துறது மட்டும் கையிலயா?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரித்தார். சிரித்ததும் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

பார்க்க வந்தவர்கள் விழுந்த கைக்குப் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார்கள். ஊரே ரத்தம் வைக்கச் சொல்லும்போது இவர்கள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. லேபில் வேலை செய்த பெண் வருவாள், அப்பாவின் கையைத் தட்டி நரம்பு பார்ப்பாள், ஊசியைச் செருகிச் சின்னச் சின்னப் புட்டிகளில் நிரப்பிக்கொண்டு போவாள். போனதில் ஒரு சொட்டும் திரும்பி வராது. எனக்குத் தரகர்களின் மடிதான் ஞாபகம் வந்தது. "விக்கிறாங்கோ, இன்னா நெனச்ச?" என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வேறு காதில் ஓதினாள்.

"ரத்தம் எடுக்கற வரைக்கும் வெறும் வயிறா இருக்கணும். தண்ணி மட்டும் குடுங்க" என்பது நர்சம்மாவின் உத்தரவு. ரத்தத்தையும் எடுப்பார்களாம், பட்டினியும் போடுவார்களாம்! நான் அரிசிக்காரர் மகள். குத்தூசி எங்கே பாயும் என்று தெரிந்தால் அங்கே நல்ல அரிசியை வைக்க எனக்குத் தெரியாதா? வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சியை முதல்நாளே காய்ச்சித் தூக்கில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். லேப் பெண் வருவதற்கு முன் அதை அப்பாவுக்குப் புகட்டினேன். ரத்தம் ஊறும், பார்ப்பவர்களும் நல்ல ரத்தம் என்று சொல்லிச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினேன். அப்பா இடது கையால் டம்ளரைத் தள்ளினார். நர்சம்மா சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. பிடிவாதம் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன்.

தினமும் இதுவே நடந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதினார். "எங்க வம்சத்துலயே சக்கரை கெடையாது" என்று சண்டை போட்டேன். மாத்திரை நிற்கவில்லை, என் கஞ்சியும் நிற்கவில்லை.

அதற்குள் என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. ஒதியம்பட்டுக்குக் கிளம்பினேன். அப்பாவுக்குத் துணையாக அண்ணி வந்தார். கஞ்சி விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. மோர் கொடுத்தவர் ஆயிற்றே! மறுநாள் காலை லேப் பெண் வரத் தாமதம். நான் திரும்பி வந்தபோது அப்பா வேர்த்துக் கொட்டி, கண் செருகிக் கிடந்தார். மறுபடியும் அடைத்துவிட்டது என்று அண்ணன் அழுதார். பார்க்க வந்திருந்த மாமாவும் இன்னும் நாலைந்து உறவினரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"அப்பாவுக்கு இன்னா குடுத்தீங்க?" என்று அண்ணியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுமே குடுக்கலயே. வெறும் வயிறா இருக்கணும்னு நர்சம்மா சொன்னாங்கோ."

"பட்டினி போட்டே கொன்னுட்டீங்களா எங்கப்பாவ?"

எல்லாரும் கேட்கும்படிதான் கத்தினேன். அதற்குள் லேப் பெண் ஓடிவந்து ரத்தம் எடுத்தாள். டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா கண் திறந்தார்.

"அடப்பு இல்ல, சக்கரை அடியோட எறங்கிடுச்சி" என்றார் டாக்டர். "மூளைக்கு ரத்தம் போனா மட்டும் பத்தாதும்மா, அதுல சக்கரையும் இருக்கணும்."

அப்பா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பயத்தில் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் லேப் பெண் என்னைத் தனியே நிறுத்தினாள். "தெனம் காலையில ஏறி இருந்துச்சே, இன்னிக்கு மட்டும் எப்பிடிக்கா இப்பிடி? நெசத்த சொல்லிடுங்க. இல்லன்னா நாளைக்கும் அதே மாத்திரையத்தான் குடுப்பாங்க."

சொல்லிவிட்டேன். கஞ்சி ஏற்றிய சர்க்கரைக்கு எழுதிய மாத்திரை, கஞ்சி இல்லாத அன்று இருந்த சர்க்கரையையும் இறக்கிவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. என் வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். திருடி என்று நான் நினைத்த அந்தப் பெண் டாக்டரிடம் மட்டும் சொன்னாள். மாத்திரை நின்றது. மறுநாள் உண்மையாகவே வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. அப்பாவுக்கு நான் கொடுத்த நோய் அன்றோடு போய்விட்டது.

அண்ணிக்கு நான் கொடுத்த பெயர்தான் போகவில்லை. மாமனாரைப் பட்டினி போட்டவள் என்று கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் பேசினார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, கோழை நான். அதே அண்ணிதான் அதற்குப் பிறகு இத்தனை ஆண்டும் அப்பாவுக்குச் சோற்றைக் குழைத்து ஊட்டினார், பீ மூத்திரம் அள்ளினார், விழுந்த காலை நீவிவிட்டுச் சுவரைப் பிடித்து நடக்கவும் வைத்தார். சென்ற ஆண்டு மறுபடியும் மூளையில் அடைப்பு வந்து மூன்றாம் நாள் அப்பா அடங்கினார். அவர் வாயில் கடைசிப் பால் இறங்கியதும் அண்ணியின் கையால்தான்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். ஆத்திரப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். கட்டிலுக்கு அடியில இருந்த தூக்க நான்தான கழுவுனேன்? அடியில கேவுரு ஒட்டிக்கினு இருந்துச்சி."

"ஏன் அண்ணி சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

அவ்வளவுதான் பேசினார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டார்.

அப்பாவை டவுனுக்குக் கொண்டுபோக வண்டி கொடுத்து உதவிய எதிர்க்கடைக்காரருக்கும், டாக்டருக்கும், நர்சம்மாவுக்கும், எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டிய அந்த லேப் பெண்ணுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இன்று படையல் முடிந்ததும் பந்தியில் பரிமாறப் போகிறவர் அவர்தான். அவரைப் பட்டினி போட்டவள் என்று சொன்ன வாயெல்லாம் அவர் கையால் சாப்பிடப் போகிறது. முதல் வாய் என்னுடையது.