வேஸ்ட் என்று எழுத மறுத்தவர்

சலீம் பாய் இறந்துவிட்டார் என்று உறுவையாற்றிலிருந்து வந்த கரும்பு வண்டிக்காரர் சொன்னார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அது குடித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மதகடிப்பட்டுக் கடைத்தெருவில், துணிக்கடை ஓரமாகப் பலகை போட்டு மனு எழுதியவர் அவர். பிரெஞ்சும் இங்கிலீசும் தெரிந்தவர். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கைநாட்டு வாங்கமாட்டார். "இன்னா எழுதினேன்னு தெரியாம ரேகை வெக்காத தாயி" என்பார்.

எங்கள் ஊர் கரையாம்புத்தூர் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது; எங்கள் நிலத்தில் ஒரு துண்டு மட்டும் இங்கிலீஷ் எல்லைக்குள் கிடந்தது. மழையில்லாததால் இரண்டு வருஷம் உழுததோடு விட்டிருந்தேன். அதன் நிலை என்ன என்று அந்தப் பக்கத்துத் தாலுகா கச்சேரி கேட்டு எழுதியது. நான் பள்ளிக்கூடம் போகாதவன்; ஒரு கிழிந்த அகராதியை வைத்து நானே இங்கிலீஷ் படித்தவன். அதில் 'வேஸ்ட்' என்றால் தரிசு என்று இருந்தது. அப்படியே எழுதச் சொன்னேன்.

பாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, அது பழைய பிரெஞ்சுலேர்ந்து இங்கிலீசுக்குப் போன வார்த்த. அதுக்கும் முன்னாடி லத்தீன். வெறிச்சோடிக் கெடக்கறது, ஆளில்லாததுன்னு அர்த்தம். உங்க நெலத்துக்கு ஆளில்லையா? 'ஃபேலோ'ன்னு போடறேன். உழுது ஆறப்போட்ட நெலம்னு அர்த்தம்."

"அகராதி எங்கிட்டயும் கீது பாய். எழுதறியா, மையக் குடிக்கிறியா?"

"மை கசக்கும்ணே. குடிச்சாலும் குடிப்பேன், அத எழுத மாட்டேன்."

நானே எழுதிக் கொடுத்தேன். ஆளில்லாத நிலம் என்று உடையவனே ஒப்புக்கொண்டான் என்று சொல்லி, அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பாய் எழுத மறுத்ததால்தான் நிலம் போனது என்று ஊரெல்லாம் சொன்னேன். எங்கள் ஊர்க்காரர்கள் அவரிடம் போவதை நிறுத்தினார்கள். அவர் காதுக்கும் அது எட்டியது. ஒரு நாளும் அவர் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

உழவுசால்களைப் பார்க்காமல் ஒரு வார்த்தையைப் பார்த்த அந்தக் கச்சேரி செய்தது அநியாயம். அதில் இன்றும் நான் மாறவில்லை. ஆனால் பாய்மேல் நான் சொன்னது பொய்.

அடக்கத்தின்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் காதருகே, "உன் நெலத்தக் கோட்ட வுட்டவரு அடக்கத்துக்கே வந்துட்டியேபா" என்றார்.

"வுட்டவன் நான்தான். அந்தக் கடுதாசி என் கையெழுத்து" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

பாயின் மகன் ஏறிட்டுப் பார்த்தார். ஒதுங்கி, குழியருகே எனக்கு இடம்விட்டார். மூன்று பிடி மண் போட்டேன்.

போய் வாருங்கள், பாய்.