கூத்தாநல்லூருக்கு வெளிநாட்டு கார்டு எதற்கு?

நோன்புப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் காலை. ஜைத்தூன் போன் செய்தார்.

"அண்ணே, அந்த பேமெண்ட் பக்கத்துல 'ஃபெயில்டு'ன்னு ஒரு பட்டன் இருக்குல்ல... தெரியாம அமுக்கிட்டேன். ஒரே செவப்பா கொட்டுது. எதையாவது கெடுத்துட்டேனா?"

கெடுத்தது அவரல்ல. நான்.

ஜைத்தூன் என் மனைவியின் கல்லூரித் தோழி. கூத்தாநல்லூரில் வீட்டிலேயே தம்ரூட் செய்து விற்கிறார். ரவையும் பாலும் முட்டையும் நெய்யும் ஒன்றாக வெந்து, மேலே லேசாகச் சிவந்து வரும் அந்த இனிப்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த வாரப் பத்தி அதோடு முடிந்துவிடும். பெருநாள் வாரம்தான் அவருக்கு வருஷத்தின் பெரிய வியாபாரம்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, "ஆன்லைன்ல வாங்குற மாதிரி இருந்தா நல்லாருக்கும்னு கேக்குறாங்க" என்று அவர் சொல்ல, என் மனைவி என்னைக் கைகாட்டிவிட்டாள். கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. நான் இதுவரை மறுத்ததில்லை.

யார் கேட்கிறார்கள் என்று அன்றைக்கே விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. நேராக ஆராய்ச்சியில் இறங்கினேன்.

பேமெண்ட் கேட்வே என்பது வேறொன்றுமில்லை — வாங்குபவரின் பணம் நம் கணக்குக்கு வரும் வழியில் உட்கார்ந்துகொண்டு சுங்கம் வசூலிக்கும் கம்பெனி. அப்படி நான்கு கம்பெனிகளை எடுத்துக்கொண்டேன். கமிஷன் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும், போன் செய்தால் மனிதக் குரல் கேட்குமா என்று கட்டம் போட்டு, கலர் அடித்து... இன்ஜினீயரிங் படிக்காத குறை அன்றுதான் தீர்ந்தது. கமிஷன் குறைவான கம்பெனி ஜெயித்தது.

அதன் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. வெளிநாட்டு கார்டுகளை ஏற்க வேண்டுமா? வேண்டுமென்றால் கமிஷனும் கூட, காகிதங்களும் கூட.

"டெலிவரி எங்கெல்லாம்மா?" என்றேன்.

"எல்லாம் நம்ம ஊருக்குள்ளதாண்ணே. மிஞ்சிப்போனா நாலஞ்சு தெரு."

"அப்புறம் எதுக்கு வெளிநாடு? அதெல்லாம் ஏற்றுமதி பண்றவங்களுக்கு."

"வேணாங்கிறீங்களா?" கொஞ்சம் தயங்கினார். "சரி, உங்களுக்குத் தெரியாததாண்ணே..."

'வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஒரு சிறு தொழிலுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமிதத்தோடு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். போதாதற்கு, வெப்சைட்டில் இருந்த அவருடைய போன் நம்பரையும் எடுக்கச் சொன்னேன். நம்பர் இருந்தால் நாள் முழுக்க அடிப்பார்களாம். புரொஃபஷனலாக இருக்காதாம்.

அந்த ஊரில் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதைச் 'சபர்' என்பார்கள். வீட்டுக்கு ஒருவராவது சபரில் இருப்பார். இது எனக்குத் தெரியாதா? இதே பத்தியில் மூன்று வாரம் அதைப் பற்றி உருகி உருகி எழுதியவன்தானே! நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். எழுதுகிற கைக்கும் டிக் அடிக்கிற கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

தம்ரூட் போய்ச் சேரும் இடம்தான் கூத்தாநல்லூர். பணம் புறப்படும் இடம் குவைத், துபாய், கோலாலம்பூர். பெருநாளுக்கு வர முடியாத பிள்ளைகள் அங்கிருந்து பணம் கட்டினால், டப்பா இங்கே அம்மா வீட்டுக்குப் போகும். ஆன்லைன் வேண்டும் என்று கேட்டதே அவர்கள்தான்.

சிவப்புப் பட்டியலில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் அம்மாவின் வீட்டு முகவரியைப் பொறுப்பாக நிரப்பி, கார்டைப் போட்டு, தோற்று, மறுபடி போட்டு, மறுபடி தோற்று...

"ஆர்டர் இவ்ளோ கம்மியா இருக்கேன்னு, என் கைப்பக்குவம்தான் போயிடுச்சுன்னு நெனச்சேண்ணே," என்றார் ஜைத்தூன். "ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட, டப்பாவ முதல்ல குடுத்துட்டு வந்திருப்பேன். நம்பரையும்ல எடுத்துட்டோம்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். ஜைத்தூன் புதிதாகப் பதினொரு டப்பா தயார் செய்து, அந்தப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். அவர் முன்னால் நடக்க, நான் டப்பாக்களைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். என் தகுதிக்கேற்ற வேலை.

மூன்றாவது வீடு கதீஜா மாமியுடையது. ஒரே மகன், குவைத்தில் ஒரு குடோனில் வேலை. டப்பாவைப் பார்த்ததும் மாமியின் முகம் இறுகியது.

"பெருநாள் முடிஞ்சப்புறம் என்னடி தம்ரூட்டு? எதிர்வீட்டுக்கு அன்னிக்கே வந்துச்சு. அவ மருமவன் சென்னையிலேர்ந்து அனுப்புனாருன்னு நீதானே கொண்டாந்து குடுத்தே. எம்புள்ளைக்குத்தான் அம்மா நெனப்பு இல்ல. நாலு நாளா அவன் போனை நான் எடுக்கல."

"அவரு மறக்கல மாமி. இங்க பாருங்க." ஜைத்தூன் தாளைப் பிரித்து விரல் வைத்தார். "இது உங்க புள்ள பேரு. பெருநாளுக்கு முந்தின நாள் போட்டிருக்காரு, போகல. இது ரெண்டாவது. இது மூணு..."

மாமியின் விரலும் கூடவே இறங்கியது.

"ஏழு தடவையாடி?"

"ஏழு தடவ மாமி. எங்க பக்கந்தான் வாங்கல."

மாமி உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தார். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"ஏண்டா, ஏழு தடவ அதுல போட்டியே... ஒரு தடவ எங்கிட்ட சொல்லப்படாதா?"

"நீ எடுத்தாத்தானேம்மா!"

மாமி சிரித்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சிறு தொழில் செய்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: கமிஷன் எவ்வளவு என்று பார்க்கும் முன், பணம் யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பெருநாள் ஆனது. அதுவும் என்னுடைய பெருநாள் இல்லை.

போனை வைத்ததும் மாமி என் பக்கம் திரும்பினார். "இவரு யாரு?"

ஜைத்தூன் என்னைப் பார்த்தார். "கூடமாட ஒத்தாசைக்கு வந்தவரு மாமி."

"பாவம், இந்த வெயில்ல தூக்கிட்டு வந்திருக்காரே. சாப்டுங்க தம்பி." டப்பாவைத் திறந்து முதல் துண்டை எனக்குத்தான் கொடுத்தார்.

நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். வாய் நிறையத் தம்ரூட் இருந்ததால் முடியவில்லை என்று எழுதிவிடலாம்.

ஆனால் அதற்குப் பிறகு எட்டு வீடுகள் இருந்தன.