ரோஸ்லின் கேட்ட மொய்

செய்தி வந்தபோது சிறுசேரியில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பாஸ்கர்தான் கூப்பிட்டான். போனை எடுத்ததுமே கேலியில் தொடங்குகிற ஆள், அன்று நேராக விஷயத்துக்கு வந்தான். "அண்ணாத்த, எங்க கீறீங்க? நம்ம ரோஸ்லின் மேடம் காலைல போய்ட்டாங்க. இப்பதான் ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்கு எடுத்துகினு வர்றாங்க." சரி என்று சொல்லிவிட்டு, இறங்கிய பஸ்ஸிலேயே திரும்ப ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், எதுனா மறந்துட்டீங்களா?" என்றார். அந்த வண்டி ரோஸ்லின் வீடு இருக்கும் செங்கல்பட்டுக்குத் திரும்பாது, சாயங்காலம் வரை ஷெட்டில்தான் நிற்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் ரோஸ்லினிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். ராணுவத்துக்கான ஒரு பல்பணி ஹெலிகாப்டரின் வடிவமைப்பில் எங்கள் அலுவலகமும் ஒரு பங்கு வேலையை எடுத்துச் செய்தது. நான் ஒயரிங் பிரிவு. பாஸ்கர் ஹெலிகாப்டரின் உடற்கூட்டுப் பிரிவு. ரோஸ்லின் எடை. வண்டிக்குள் போகிற ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு கம்பியும் என்ன எடை, எங்கே உட்காருகிறது, அதனால் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பவர். வெளியாட்களுக்கு இது ஒரு வேலையாகவே தோன்றாது. எங்களுக்கோ அவர் மாமியார். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அதிகம் என்பார்.

முதல் நாள் அறிமுகத்தில் நான் திருக்கழுக்குன்றம் பக்கம் என்றதும் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "உங்க ஊரு கழனியிலதான் எங்க ஆயா கூலிக்கு நடவு நட்டாங்க" என்றார். எனக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாமல், "சரி, உன் ஒயர் எவ்ளோ எடை? அதைச் சொல்லு" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

பல்பணி ஹெலிகாப்டர் என்றால் ஒரே வண்டி பல வேஷம் கட்ட வேண்டும். இன்று மலைமேல் வீரர்களைக் கொண்டுபோய் இறக்கும். நாளை அந்த இருக்கைகளைச் சுவரோடு மடக்கிவிட்டு, ஸ்ட்ரெச்சர்களை அடுக்கி, காயம்பட்டவர்களை ஏற்றிவரும். வயிற்றுக்கடியில் கொக்கி போட்டுப் பீரங்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு பறக்கும். கதவில் துப்பாக்கி வேண்டும் என்பார்கள். கடற்படைக்குப் போனால் கப்பலின் சின்னக் கொட்டகைக்குள் நுழைய மேலே சுழலும் இறக்கைகள் மடங்க வேண்டும். ஆளாளுக்கு ஒரு ஆசை. எல்லா ஆசைக்கும் எடை உண்டு. கூட்டங்களில் ஒவ்வொரு பிரிவும் தன் சாமானை உள்ளே தள்ளப் பார்க்கும்போது ரோஸ்லின் சொல்வார்: "எல்லாத்தையும் ஏத்துவேன்னா அது ஹெலிகாப்டர் இல்லப்பா, மெடிக்கல் காலேஜ் ஷேர் ஆட்டோ. அதுவாச்சும் தரைல ஓடுது, தப்பிச்சிது. இது காத்து கம்மியான எடத்துல மேல ஏறணும். யாரை எறக்கறன்னு மொதல்ல சொல்லு, அப்புறம் ஏத்து."

எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ரோஸ்லின் குறைக்கச் சொல்வார் என்று தெரிந்தே எல்லாரும் எடையைக் கொஞ்சம் கூட்டி எழுதிக் கொடுப்போம். அவர் கேட்டதும் பெரிய மனது பண்ணுவதுபோல் குறைப்போம். அவருக்கும் அது தெரியும். கல்யாணப் புடவைக் கடையில் பேரம் பேசுவதுபோல் சிரிக்காமல் உட்கார்ந்து பேசுவார். ஒரே ஒரு பொருளில் மட்டும் அவர் கை வைத்ததில்லை. வண்டி விழுந்தால் தாம் நசுங்கி, உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பைக் காப்பாற்றுகிற இருக்கைகள் அவை. அவற்றின் கனத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் காது கேட்காததுபோல் டீ குடிக்கப் போய்விடுவார்.

இன்னொரு நாள், காயம்பட்டவர்களை ஏற்றும் அமைப்பின் படத்தைத் திரையில் போட்டோம். ஸ்ட்ரெச்சர்கள் அழகாக உட்கார்ந்திருந்தன. எல்லாரும் பலே என்றார்கள். ரோஸ்லின் வெகுநேரம் பார்த்துவிட்டு, "படுத்துகினு கீறவன் தெரியறான். அவனத் தூக்கிகினு வர்றவன் எங்க நிப்பான்?" என்றார். ஒருவருமே அதை யோசித்திருக்கவில்லை. ஆனால் எப்போதும் அவர் சொன்னதே சரி என்று நினைத்துவிட வேண்டாம். மழைநீர் உள்ளே வராமல் கதவு ஓரத்தில் வைத்த ரப்பரை வீண் என்று எடுக்கச் சொன்னார். சோதனையில் தண்ணீர் ஒழுகி என் ஒயர் பெட்டி நனைந்தது. அடுத்த ஒரு வாரம் நான் அவரைச் சும்மா விடவில்லை.

ஒரு சனிக்கிழமை மொத்த டீமும் மாமல்லபுரம் பக்கம் கடற்கரைக்குப் போனோம். மீன் வறுவலைத் தின்றுகொண்டிருந்தபோது கரையோரமாகவே ஒரு ஹெலிகாப்டர் தெற்கே போனது. எங்கள் ஆட்களுக்குக் கேட்க வேண்டுமா? என்ன வகை, எத்தனை இறக்கை என்று ஆளாளுக்குக் கூவினார்கள். ரோஸ்லின் கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு கதவுப் பக்கத்தையே பார்த்தார். "வின்ச்சு இல்ல" என்றார். கதவுக்கு மேலே கைபோல் நீட்டிக்கொண்டு, கம்பிவடத்தை இறக்கிக் கீழே இருக்கிற ஆளைத் தூக்குகிற இயந்திரத்தைத்தான் வின்ச் என்போம்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அவராகவே சொன்னார். "எனக்கு ஒரு தம்பி இருந்தான், டேனியல். பாலாத்துல வெள்ளம் வந்தப்ப பம்ப்செட் ரூம்பு மேல ஏறி நின்னுட்டான். சுத்தி தண்ணி. படகு போவ முடியல. ஒரு ஹெலிகாப்டர் வந்துச்சி. ரொம்பத் தாழ வந்துச்சி. எங்கம்மா கரையில நின்னு பாத்துகினு கீறாங்க. அது வேற எதுக்கோ கெளம்பின வண்டி, அதுல வின்ச்சு இல்ல. எறங்கவும் எடமில்ல. சாப்பாட்டுப் பொட்டலம் போட்டுட்டு, வேற வண்டி அனுப்பப் போனாங்க. அனுப்பவும் செஞ்சாங்க. அது வர்றதுக்குள்ள ரூம்பே இல்ல." கொஞ்ச தூரம் நடந்தபின், "அவங்க மேல இன்னா தப்பு? மாட்ற எடமே இல்லாத வண்டில எதைப்பா மாட்றது?" என்றார். அவர் தோளில் இருந்த பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் வண்டி எடை மீறிப்போனது. குறைத்தே ஆக வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்துவிட்டது. தலைமைப் பொறியாளர் எல்லாரையும் கூப்பிட்டு, எதை எடுக்கலாம் என்று ரோஸ்லினைக் கேட்டார். எடுக்க எளிதானது ஒன்று இருந்தது. வின்ச்சை எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து மாட்டலாம். ஆனால் அதைத் தாங்க, கதவுக்கு மேலே உடற்கூட்டைத் தடிமனாக்கி, ஒயரும் இழுத்து வைத்திருக்க வேண்டும். எங்கள் படத்தில் அது எல்லா வண்டிகளிலும் இருந்தது. மீட்புப் பணிக்கென்று கேட்கிற வண்டிகளில் மட்டும் வைத்தால் மற்றவற்றில் நல்ல எடை குறையும். அப்படி எடுத்துவிட்டால், வெள்ளம் வரும்போது பக்கத்தில் நிற்பது அந்த மற்ற வண்டியாக இருந்தால், அதில் வின்ச்சை மாட்டவே முடியாது. இதையெல்லாம் ரோஸ்லின் குரல் மாறாமல் வாசித்தார். தலைமைப் பொறியாளர், "அப்ப அதையே எடுத்துடலாம்" என்றார். அவருக்கு டேனியலைப் பற்றித் தெரியாது.

நான் பாஸ்கரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவன் கேன்டீனில் ரோஸ்லினுக்கு எதிரே போய் உட்கார்ந்தான். "மேடம், நான் அந்தத் தடிமனோட எடைய கொறச்சி எழுதித் தரேன். மிச்சத்த பெயின்ட்டுலயும் பசையிலயும் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடலாம். எவனுக்கும் தெரியாது" என்றான். பாசத்தில் சொன்னதுதான். ரோஸ்லின் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பாஸ்கரு, என் தம்பிக்காக நான் எடைய கொறச்சி எழுதினா, அந்த வண்டிக்குள்ள வேற எவளோட தம்பியோ ஒக்காந்துகினு இருப்பான். மலை மேல இழுக்காம நின்னா அவன் இன்னா பண்ணுவான்?" பாஸ்கர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவன் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

அதன்பின் தலைமைப் பொறியாளரிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டார். "அதே எடைய வேற எடத்துல கொறச்சிக் குடுத்தா, இது இருக்கட்டுமா சார்?" அவர் சிரித்து, "கொறச்சிட்டா இருக்கட்டும்" என்றார். நடக்காது என்ற தைரியம்தான்.

மறுநாள் டீ நேரத்தில் ரோஸ்லின் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலையும் கற்கண்டும் வைத்துக்கொண்டு நடு ஹாலில் வந்து நின்றார். "எங்க வூட்டு விசேஷம். மொய் வெய்யுங்கப்பா. டப்பு வேணாம், கிராம் போதும்." எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது எப்படிப்பட்ட கிடுக்கிப்பிடி என்று தெரியும். தாம்பாளத்தோடு எதிரே நிற்கிறவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு ஊரில் நடமாட முடியுமா? அதிலும் அவர் ஒவ்வொரு பெயரையும் ஊரையும் மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

நான் என் ஒயர்களைக் கூரைக்குள் ஓரமாக நேர்க்கோட்டில் கொண்டுபோய், மூலையில் கச்சிதமாகத் திருப்பியிருந்தேன். பார்க்க அத்தனை லட்சணம். அதைக் குறுக்கே இழுத்தால் நீளம் குறையும், அலங்கோலமாக இருக்கும். ரோஸ்லின் என் திரையைப் பார்த்து, "அழகா கீது. கூரைக்கு உள்ள எவன் வந்து பாக்கப்போறான்?" என்றார். மனதே இல்லாமல் கொடுத்தேன். "திருக்கழுக்குன்றம் தணிகாசலம், ஒயரிங், ஒன்றரைக் கிலோ!" என்று அவர் கூவியதும் கைதட்டல். வெறும் எட்டு கிராம் வைத்த பெயின்ட்காரருக்கும் அதே சத்தம்தான். துப்பாக்கிப் பிரிவுக்காரர் மட்டும் தன்னிடம் குறைக்க ஒன்றுமில்லை என்று விறைத்தார். "பரவால்ல சார், வந்ததுக்குக் கற்கண்டாவது எடுத்துக்குங்க" என்று நீட்டினார் ரோஸ்லின். மறுநாள் காலை அந்த மனிதர் தானாக வந்து, யாருக்கும் கேட்காமல் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார். ரோஸ்லின் அதையும் விடாமல் ஹாலுக்கே கேட்கும்படி கூவினார்.

அப்படியும் தேவையான அளவுக்குக் கொஞ்சம் போதவில்லை. எடைக்காரர்கள் பின்னால் வரப்போகிற அதிகங்களுக்காகத் தங்கள் கைவசம் ஒரு ஒதுக்கு வைத்திருப்பார்கள். ரோஸ்லின் அதிலிருந்து எடுத்துப் போட்டார். "நானும் உங்களாட்டம் கூட்டித்தான் வெச்சிகினு இருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். எண்ணைப் பார்த்த தலைமைப் பொறியாளர் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. எல்லா வண்டிகளிலும் வின்ச் மாட்டும் இடம் தங்கிவிட்டது. அன்று மாலை ரோஸ்லின் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார்.

போன வருஷம் நோய் வந்தது. வேலையை விட்டு வீட்டோடு இருந்தபோது பாஸ்கரும் நானும் போயிருந்தோம். பாதியாகக் கரைந்திருந்தார். நாங்கள் வாசற்படியிலேயே நின்றதைப் பார்த்து, "இன்னாடா முழிக்கிறீங்க? மொய் வெச்சிகினு கீறேன்" என்றார். பாஸ்கர் சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அடக்கம் முடிந்து வந்தபின் அவருடைய அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகனையும் மகளையும் பறிகொடுத்துவிட்ட அம்மா. அழுது முடித்த குரலில், "ஆபீசுல இன்னா வேலைன்னு கேட்டா எடை போட்றேன்னு சொல்லுவா. ரேசன் கடையாட்டம்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். மகள் வீட்டில் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்கர் கேட்டதையும், அவர் மறுத்ததையும், தாம்பாளத்தையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கி வெள்ளத்தப்ப வந்த ஹெலிகாப்டர் கதவுல ஒரு புள்ள நின்னுச்சி நைனா. எங்க டேனியலு வயசுதான் இருக்கும். ஒண்ணும் பண்ண முடியலன்னு கையை விரிச்சிக் காட்டிச்சி. அது மொகம் இன்னும் என் கண்ணுலயே கீது. எத்தினி நாள் தூங்காம இருந்துச்சோ." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்த மாதிரிப் புள்ளைங்க இனிமே, வண்டில எடமே இல்லன்னு கைய விரிக்க வேணாம் இல்ல?"

"வேணாம்மா" என்றேன்.

வின்ச்சை மாட்டிக்கொண்டு வருவது வேறு யாரோ செய்ய வேண்டிய வேலை. ஆனால் இடம் இருக்கிறது, அதன் எடையும் உள்ளபடியே எழுதியிருக்கிறது. ஒரு தாயின் முகத்தைப் பார்த்துப் பொய் கலக்காமல் அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடிந்தது. ரோஸ்லின் எனக்கு விட்டுப்போனது அதுதான்.