அம்மாவின் இருமலும் இரண்டு சர்டிபிகேட்டும்

போன செவ்வாய்க்கிழமை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பின் ஸீட்டில் ஒரு பெரியவர் ‘லொக்’கென்று இருமினார். நான் சட்டென்று முதுகை நிமிர்த்தி, கழுத்தைத் தூக்கி, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த பெண் பயந்துபோனாள். “என்னக்கா, கரன்ட் அடிச்சிருச்சா?”

பதினெட்டு வயசிருக்கும். காலில் இரும்புக் கம்பி வைத்த காலிப்பர். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அவளுடைய அம்மா முன் ஸீட்டில் இருந்தார். பேச்சுக் கொடுத்தேன். ஊனமுற்றோர் கோட்டாவில் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம்.

“ரெண்டு சர்டிபிகேட் கேக்காங்கக்கா. காலு சரியில்லன்னு ஒண்ணு. உடம்பு நல்லாருக்குன்னு ஒண்ணு. ரெண்டையும் டாக்டர்ட்டதான் வாங்கணுமாம். என்னக்கா கூத்து இது?”

அட... இன்னுமா மாறவில்லை? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தக் கூத்தை நான் எண்பதுகளிலேயே ஆடி முடித்துவிட்டேன். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் இடது காலை நன்றாகத் தெரியும். அதைக் கல்யாண வீட்டில் மிதிபட வைத்து, எஸ்கலேட்டரில் திணறவைத்து, எத்தனை வாரம் பிழைப்பை ஓட்டியிருக்கிறேன்! ஆனால் அந்தக் காலுக்கு ஒரு ஸீட் கிடைத்த கதையை இதுவரை சொன்னதில்லை.

மூன்று வயதில் போலியோ. இடது கால் சூம்பி, வலதைவிட இரண்டு இஞ்ச் குட்டை. வீட்டுக்குள் நான் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம். தெருவில் இறங்கினால் அம்மாவின் சட்டம்தான்.

“நேரா நட புள்ள... நாளைக்கு ஒன்னய ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணுமா வேணாமா?”

இடது செருப்புக்கு மட்டும் அடுக்கடுக்காக அட்டை வைத்துத் தைத்து வாங்கினாள். அப்புறம் டிரெயினிங். எதிரே ஆள் வந்தால் அம்மா இருமுவாள். இருமல் கேட்டால் நான் இடுப்பை இறுக்கி, மூச்சைப் பிடித்து, நொண்டல் தெரியாமல் பத்தடி நடக்க வேண்டும். ஆள் போனதும் பழைய நடை. பதினான்கு வருஷம் இதே பயிற்சி. எந்த சர்க்கஸ்காரன் இப்படிப் பழக்குவான்?

ப்ளஸ் டூ முடித்தேன். மதுரையில் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு, ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் இடம் என்று கடிதம் வந்தது. கீழே ஒரு வரி — ஊனச் சான்றிதழ், உடல் தகுதிச் சான்றிதழ் இரண்டையும் திங்கட்கிழமைக்குள் நேரில் தர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது. எனக்கு அந்த ஸீட் வேண்டும். சோறு தண்ணி இறங்காத அளவுக்கு வேண்டும். அது போனால், பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பத்தடி நடந்து காட்டுவதுதான் மிச்ச வாழ்க்கை.

சனிக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கிளம்பும்போதே அத்தா புகுந்தார். அத்தா என்றால் எங்கள் வீடுகளில் அப்பா.

அவர் பேண்டேஜ் கம்பெனியில் சூபர்வைசர். எங்கள் பக்கம் சோற்றுக்குப் பஞ்சம் வந்தாலும் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சம் வராது. டீ வடிகட்டுவது, மூக்கைத் துடைப்பது எல்லாம் அதில்தான். அத்தாவுக்கு அதன்மேல் அபார நம்பிக்கை.

“வெறுங்காலக் காட்டுனா எவன் நம்புவான்? கட்டு இருந்தாத்தான் கேஸு ஸ்ட்ராங்கு” என்று கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் நாலு ரோலைச் சுற்றிவிட்டார்.

டாக்டர் கட்டைப் பார்த்தார். “எப்பம்மா விழுந்தே?”

“விழலையே சார்.”

அத்தா முந்திக்கொண்டார். “நம்ம கம்பெனி சரக்குதான் சார். முதல் தரம்.”

“அது சரிங்க... கட்டுப் போட்டா ஆறுற காயத்துக்கெல்லாம் ஊனச் சர்டிபிகேட் தர முடியாது. ஆறட்டும்.”

நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. அத்தா பதறிப்போய் அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்க்கிறார், அவிழ்க்கிறார்... முடிகிற வழியாக இல்லை. நர்ஸம்மா ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வராண்டா வரைக்கும் போய்விட்டார். வெளியே கியூவில் நின்றவர்கள், “உள்ள யாருக்கோ பெரிய அடி போல” என்று உச்சுக் கொட்டினார்கள்.

ஒருவழியாகக் கால் வெளியே வந்தது.

“எங்க, செவரு வரைக்கும் நடந்து காட்டும்மா” என்றார் டாக்டர்.

செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன். முதல் அடி வைத்தேன். கியூ மொத்தமும் வாசலில் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான்... பின்னாலிருந்து ‘லொக்’!

அம்மாதான். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். கூட்டத்தைப் பார்த்ததும் தொண்டை தானாக வேலை செய்துவிட்டது. என் இடுப்பும் தானாக வேலை செய்தது. சுவர் வரை போய்த் திரும்பி வந்தேன் பாருங்கள்... போலீஸ் பரேடு கெட்டது!

“நல்லாத்தானே நடக்கா?” என்றார் டாக்டர்.

“ஏட்டி, ஒனக்கு அறிவிருக்கா?” அத்தா அம்மாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

“நான் என்ன செய்ய? பழக்கதோசம்...”

நான் ஓவென்று அழுதுவிட்டேன். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் செருப்புகளைப் பார்த்தார். ஒன்று தட்டை, ஒன்று மேடை.

“அதைக் கழட்டிட்டு நடம்மா.”

கழற்றினேன். அத்தனை பேர் பார்க்க, வெறுங்காலோடு என் நிஜ நடை. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு இறங்கி ஏறியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? சுகமாகவும் இருந்தது. மூச்சைப் பிடிக்காமல் நாலு பேர் முன்னால் நடப்பது இவ்வளவு லேசான காரியம் என்று எனக்கு யாருமே சொன்னதில்லையே!

அம்மா வாயைத் திறந்தாள். “டாக்டரய்யா... ராத்திரி காலு குடைச்சல் தாங்காம தலாணியக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பா. நாங்க தூங்கிட்டோம்னு நெனப்பா. நான் எங்க தூங்குனேன்? எம்புட்டுப் போட முடியுமோ அம்புட்டுப் போட்டுக் குடுங்கய்யா.”

தலையணை விஷயம் அம்மாவுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மறுபடியும் அழுகை வந்தது.

டாக்டர் மடக்கினார், நீட்டினார், டேப் வைத்து அளந்தார். ஐம்பது சதவீத ஊனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் அத்தா அடுத்த பேப்பரை நீட்டினார். உடல் தகுதிச் சான்றிதழ்.

கண்ணைத் துடைத்த கையோடு அம்மா ஆரம்பித்துவிட்டாள். “மம்சாபுரம் வரைக்கும் நடந்தே போயிட்டு வந்துருவாய்யா. அலுப்புன்னு ஒரு சொல்லு வராது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏம்மா, செத்த முன்னாடிதான காலு குடைச்சல்னு சொன்னீங்க?”

“அது அந்தப் பேப்பருக்குய்யா. இது இந்தப் பேப்பருக்கு.”

மனுஷர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதே பேனா, அதே சீல். ஒரே நாளில் நான் ஊனமும் ஆனேன், தகுதியும் ஆனேன்.

திங்கட்கிழமை மதுரை. காலேஜில் ஊனமுற்றோர் சான்றிதழை வாங்கிக்கொள்கிற ஆபீஸ் எங்கே இருக்கும்? இரண்டாவது மாடியில்தான்! ஏறினேன். அங்கே பழைய பைல்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். கிளார்க் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலும் கீழும் பார்த்தார்.

“பாதி காலு வேல செய்யலங்குது இது. எல்லாத்துக்கும் தகுதிங்குது இது. லேபுல நாள் பூரா நிக்கணும், தெரியும்ல? இதுல எதும்மா உண்மை?”

“ரெண்டும் உண்மைதான் சார். ரெண்டு மாடியும் நொண்டிக்கிட்டேதான் ஏறினேன். ஆனா ஏறிட்டேன்ல?”

அவர் அசரவில்லை. “எங்க, அந்த பீரோ வரைக்கும் நட பாப்போம்.”

அறை நிறைய ஆட்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். பின்னால் ‘க்ம்... க்ம்...’ என்று ஒரு விநோதச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். தூசியில் அம்மாவுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டிருந்தது. முந்தானையில் பாதியை வாய்க்குள் திணித்துக்கொண்டு, முகம் சிவந்து, கண் இரண்டும் பிதுங்க, ‘போ, போ, அப்படியே நட’ என்று கையை ஆட்டினாள்.

நொண்டி நொண்டிப் போய் பீரோவைத் தொட்டுவிட்டு வந்தேன். கிளார்க் சிரித்துக்கொண்டே சீலைக் குத்தினார். அதற்கப்புறம் அம்மா முந்தானையை எடுத்துவிட்டு இருமினாள் பாருங்கள்... பைல் தூசியெல்லாம் மறுபடி கிளம்பிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது அந்தப் பெண்ணின் காதில் சொன்னேன் — “டாக்டர் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி, ஒங்க அம்மா வாயில ஒரு இருமல் மிட்டாயப் போட்டுவிட்ரு!”